தயிர்சாதத்தில் வளர்ந்த பைரவன்

பைரவன் எங்கள் வீட்டுக்கு வந்தது 2018 ஐப்பசியில், கஜா புயலுக்கு மூன்று வாரம் முன்பு. பிறந்து நாற்பத்தைந்து நாளான அல்சேஷன் குட்டி, விலை 12,000 ரூபாய். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார், மகன் அப்போது கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தான். கும்பகோணத்துப் பழைய வீட்டில் நானும் அத்தையும் மட்டும். துணைக்கு ஒரு நாய் இருக்கட்டும் என்று கணவர்தான் ஏற்பாடு செய்தார். எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சைவம். முட்டைகூட வாசற்படி தாண்டி உள்ளே வந்ததில்லை. அத்தை தேய்பிறை அஷ்டமிதோறும் பைரவர் சந்நிதியில் விளக்கேற்றிவிட்டு, வெளியே வந்து தெருநாய்களுக்குத் தயிர்சாதம் வைப்பவர். குட்டிக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். "நம் வீட்டுக்கு வந்துவிட்டான், இனி இவனும் நம் பிள்ளை. நாம் சாப்பிடுவதையே சாப்பிடட்டும்" என்றார். எனக்கும் அதில் மறுப்பு இல்லை. புலால் உண்ணாமை எனக்கு வெறும் பழக்கம் அல்ல, நம்பிக்கை. இன்றும் அப்படித்தான். அதே நம்பிக்கையுள்ள வீடுகளில் பெரிய ஜாதி நாய் வளர்க்க நினைப்பவர்களுக்கு, அன்று எனக்கு யாரும் சொல்லாததைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

காலையில் பால்சாதம், மதியம் தயிர்சாதம், இரவு இட்லியோ சப்பாத்தியோ பாலில் பிசைந்து. இடையில் இரண்டு பிஸ்கட். கிண்ணத்தை வைத்த மறுநிமிடம் நக்கித் துடைத்துவிடுவான். வயிறு புடைத்திருக்கும், வால் நிற்காமல் ஆடும். பார்ப்பவர்கள் எல்லாம் "கொழுகொழுவென்று இருக்கிறான்" என்றார்கள். அதைத்தான் ஆரோக்கியம் என்று நானும் நினைத்துக்கொண்டேன். நாய்க்குச் சோறு செரிக்காது என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு கூடியிருக்கிறது என்று 2013ல் ஆய்வாகவே வெளிவந்திருக்கிறது. மனிதனோடு வாழ்ந்த பல்லாயிரம் ஆண்டுகள் அதற்குக் கொடுத்த மாற்றம் அது. சோறு செரித்தது, வயிறு நிறைந்தது, எடையும் ஏறியது. அவன் சாப்பிட்டதில் என்ன இல்லை என்பது வெளியில் இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. என்னை ஏமாற்றியது அதுதான்.

மார்கழிக் கடைசியில் முதலில் கவனித்தேன். முன்னங்கால்கள் முட்டிக்குக் கீழே வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. பாதம் நேராக ஊன்றாமல், மணிக்கட்டு கிட்டத்தட்ட தரையில் படிய நடந்தான். பொங்கலன்று தூக்கப் போனபோது வீலென்று கத்தினான். அதற்கு முன் அவன் அப்படிக் கத்தியதே இல்லை. ஊரில் ஒரு மருத்துவரிடம் காட்டினேன். வளரும் வயது, கால்சியம் குறைவு என்று சொல்லி ஊசி போட்டு, டானிக் எழுதிக் கொடுத்தார். என்ன சாப்பாடு போடுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. வாரம் ஒரு முறை ஊசி. டானிக்கை அவர் சொன்ன அளவு கொடுத்தும் கால் நிமிராததால், நானாகவே இரட்டிப்பாக்கினேன். காலை வெயில் எலும்புக்கு நல்லது என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு, தினமும் ஒரு மணி நேரம் வாசலில் கட்டிப்போட்டேன். அந்த ஆறு வாரத்தில் ஊசி, டானிக், ஆட்டோ என்று ஏறக்குறைய 9,000 ரூபாய் போனது. பணம் போனது பெரிதில்லை. எலும்பு வேகமாக வளரும் வயதில் ஆறு வாரம் போய்விட்டது, அதைத் திரும்ப வாங்க முடியாது.

மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை. பால்காரர் மணியடித்ததும் பைரவன் திண்ணையிலிருந்து குதித்தான். ஒன்றரை அடி உயரம்தான் இருக்கும், தினமும் குதிக்கும் திண்ணை. விழுந்தவன் எழவில்லை. கத்தவும் இல்லை. பின்னங்காலை மடக்க முடியாமல், என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தான். மூச்சு மட்டும் வேகமாக வந்துகொண்டிருந்தது. மஸ்கட்டுக்குத் தொலைபேசினேன், கணவர் எடுக்கவில்லை. அங்கே விடிய இன்னும் நேரமிருந்தது. உறவினர் ஒருவரை உதவிக்கு அழைத்தேன். "ஒரு நாய்க்காகவா இவ்வளவு பதற்றம்?" என்றார். இன்றுவரை அவரோடு எனக்குப் பழைய பேச்சு இல்லை. வாடகைக் கார் பிடித்து, பழைய போர்வையில் பைரவனைக் கிடத்தி, தஞ்சாவூர் தாண்டி ஒரத்தநாட்டில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். புயல் அடித்து மூன்று மாதம் ஆகியும் வழியெல்லாம் தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே போனேன்.

அங்கே எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார்கள். எலும்பு என்றால் சுண்ணாம்புபோல் வெள்ளையாகத் தெரிய வேண்டும். பைரவனுடைய எலும்பும் சதையும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன. எலும்பின் ஓரம் மட்டும் பென்சில் கோடு போட்டதுபோல் மெல்லியதாகத் தெரிந்தது. அதே வயதுள்ள வேறொரு குட்டியின் படத்தை மருத்துவர் பக்கத்தில் மாட்டிக் காட்டினார். அதன் பிறகு எனக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. தொடை எலும்பு பச்சை மூங்கிலை வளைத்தால் ஒரு பக்கம் பிளந்து மறுபக்கம் ஒடியாமல் நிற்குமே, அப்படி முறிந்திருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "என்னம்மா சாப்பாடு போடுகிறீர்கள்?" சொன்னேன். ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார்.

அந்தக் கணக்கை இங்கே அப்படியே தருகிறேன். நாலைந்து மாதக் குட்டிக்கு நான் போட்டது நாளொன்றுக்குச் சுமார் 900 கிராம் சோறு, பாலும் தயிருமாக 350 மில்லி. மொத்தம் ஏறக்குறைய 1,400 கலோரி, அதில் குறையில்லை. வளரும் குட்டிக்கு 1,000 கலோரிக்குக் குறைந்தது 3 கிராம் கால்சியம் வேண்டும். அப்படியானால் 1,400 கலோரிக்கு 4.2 கிராம். நான் கொடுத்ததில் இருந்தது அரை கிராம், அதாவது எட்டில் ஒரு பங்கு. புரதம் ஏறக்குறைய 80 கிராம் வேண்டிய இடத்தில் 36 கிராம். பாலில்தான் கால்சியம் இருக்கிறதே என்று நாம் நினைக்கிறோம். இருக்கிறது, ஆனால் 100 மில்லியில் 120 மில்லிகிராம்தான். உணவில் வராத கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். இரத்தத்தில் அளவு குறையக்கூடாதே என்று, தொண்டைப் பகுதியில் இருக்கும் சின்னஞ்சிறு சுரப்பிகள் அந்த வேலையை ஓயாமல் செய்துகொண்டே இருக்கும். அதனால் இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே தெரியலாம், எலும்பு மட்டும் கரைந்துகொண்டிருக்கும்.

என்னை உலுக்கிய இன்னொரு விஷயம் வெயில். நம் தோல் வெயிலில் வைட்டமின் டி செய்துகொள்வதுபோல நாயின் தோலால் போதிய அளவு செய்துகொள்ள முடியாது. அதற்கு அந்தச் சத்து வாய் வழியாகத்தான் போக வேண்டும். நான் அந்த ஆறு வாரமும் அவனை வெயிலில் கட்டிப்போட்டு வாட்டியதுதான் மிச்சம். டானிக்கை இரட்டிப்பாக்கியதைச் சொன்னபோது மருத்துவரின் முகம் மாறியது. பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு இளம் வயதில் கூடுதல் கால்சியத்தை வேண்டாம் என்று தள்ளும் சக்தி குடலுக்கு இருக்காது, கொடுப்பதில் பெரும்பகுதி உள்ளே போய்விடும், அதனால் மூட்டும் எலும்பும் வேறுவிதமாகக் கெடும் என்றார். கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள விகிதம் ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டுக்கு ஒன்றுக்குள் நிற்க வேண்டும். டானிக் பாட்டிலை வைத்துக்கொண்டு வீட்டில் குத்துமதிப்பாகச் செய்யும் காரியம் அல்ல அது.

அன்று குற்ற உணர்ச்சியில் நான் கேட்டேன்: "கறி போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது, இல்லையா டாக்டர்?" அவர் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. எலும்பில்லாத வெறும் கறியை மட்டும் போட்டு வளர்த்தாலும் இதே வியாதிதான் வரும், கறியில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு, அப்படியும் குட்டிகள் வருகின்றன என்றார். ஆகவே சைவம், அசைவம் என்ற சண்டைக்குள் இந்த விஷயத்தை அடைக்காதீர்கள். என் தப்பு, மனிதன் சாப்பாட்டை நாய்ச் சாப்பாடு என்று நினைத்தது. அதையும் மாதம் பல கிலோ எடை ஏறும் ஒரு பெரிய ஜாதிக் குட்டிக்குச் செய்தது. இதைப் படிப்பவர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். குட்டிப் பருவத்தில் சைவச் சோதனை வேண்டாம். வளர்ச்சி முடியும்வரை, பெரிய ஜாதிக்கு அது ஏறக்குறைய ஒன்றேகால் வயது, பெரிய ஜாதிக் குட்டிகளுக்கென்றே தயாரித்த முழுமையான உணவைக் கொடுங்கள். அதை உங்கள் மனம் ஏற்காது என்றால் பெரிய ஜாதிக் குட்டியை வாங்காதீர்கள். வளர்ந்த நாயைத் தத்தெடுக்கலாம், கிளியோ முயலோ வளர்க்கலாம், பசு வளர்க்கலாம். பூனை மட்டும் வேண்டாம். பூனையின் உடம்பு இறைச்சிக்கென்றே அமைந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது என்னிடம் காலில் கட்டுப்போட்ட நாயும், கோழி கலந்த குட்டி உணவு மூட்டையும். அத்தை மூட்டையைப் பார்த்தார், படத்தில் இருந்த கோழியைப் பார்த்தார், எதுவும் பேசாமல் பூஜை அறைக்குள் போய்விட்டார். மூட்டையைக் கொல்லைப்புறத்தில், கிணற்றடியை ஒட்டிய அறையில் வைத்தேன். தனிக் கிண்ணம், தனி வாளி. உணவு வைத்துவிட்டுத் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் போவேன். மூன்று நாள் அத்தை என்னோடு பேசவில்லை. நான் அவர் மேல் கோபப்படவில்லை. எழுபத்தைந்து வருடம் காத்த ஒன்றை ஒரே நாளில் விடு என்றால் யாரால் முடியும்? எனக்கே அந்த வாசனை முதல் வாரம் குமட்டியது. பைரவன் ஆறு வாரம் கூண்டைவிட்டு வெளியே வரக்கூடாது, ஓடவோ குதிக்கவோ கூடாது என்பது உத்தரவு. இரவில் முனகுவான். நாலாம் நாள் நடுநிசியில் விழித்துப் பார்த்தால், அத்தை கூண்டுக்குப் பக்கத்தில் மணைபோட்டு உட்கார்ந்து, கம்பிக்குள் கைவிட்டு அவன் காதைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "பாவம் வந்தால் எனக்கு வரட்டும். அவனுக்கு வேண்டியதை வைத்துவிடு" என்றார். அந்தக் காலம் முழுவதிலும் நான் அழுதது அன்று ஒருமுறைதான்.

ஒரத்தநாட்டுக்கு மொத்தம் ஐந்து நடை. கார் வாடகை 12,500, எக்ஸ்ரே, கட்டு, மருந்து 7,500, கூண்டு 5,500, குட்டி உணவு 36,000. முதலில் ஊரில் செலவழித்த 9,000த்தையும் சேர்த்தால் 70,500 ரூபாய். ஆரம்பத்திலேயே சரியான உணவைக் கொடுத்திருந்தால் அந்த உணவின் விலையோடு போயிருக்கும். முழுமையான உணவு தொடங்கியதும் கால்சியம் டானிக்கை அடியோடு நிறுத்தச் சொன்னார் மருத்துவர். பலரும் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், அது தவறு. உணவைப் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக, கால் பங்கு, அரைப் பங்கு என்று மாற்றினேன். முறிவு கூடியது. மூன்றாவது எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. முன்னங்கால் வளைவு மட்டும் முழுதாக நிமிரவில்லை. இன்றும் உட்கார்ந்தால் இடது பாதம் சற்று வெளியே திரும்பியிருக்கும்.

அவனுக்கு ஒன்றேகால் வயது முடிந்ததும், இனியாவது சைவத்துக்கு மாற்றலாமா என்று கேட்டேன். வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்கு முடியும், ஆனால் எதையும் கண்ணளவில் செய்யக்கூடாது, எடை, இரத்தம், இதயம், சிறுநீர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். இதயத்தை ஏன் சொன்னார் என்று பிறகுதான் புரிந்தது. டாரின் என்ற ஒரு சத்து இதயத் தசைக்கு அவசியம். அது இறைச்சியில் உண்டு, தானியத்திலும் பருப்பிலும் இல்லை. நாயின் உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும், அதற்கு மெத்தியோனின், சிஸ்டின் என்ற மூலப்பொருள்கள் புரதத்திலிருந்து கிடைக்க வேண்டும். பருப்பு வகைகளில் இவை குறைவு. பெரிய நாய்களுக்கு இந்தக் குறை சின்ன நாய்களைவிடச் சீக்கிரம் வரும், சில ஜாதிகளுக்கு இதயத் தசை தளர்ந்து விரியும் நோய் இயல்பிலேயே அதிகம். 2018 ஜூலையில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமே பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு அதிகமுள்ள நாய் உணவுகளுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று எச்சரித்தது. ஆகவே புரதத்துக்காகத் துவரம்பருப்பை அள்ளிப் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சைவ நாய் உணவு என்று முதலில் நானாகக் கடையில் வாங்கிய மூட்டை 2,100 ரூபாய். வீட்டுக்கு வந்து பின்பக்கத்தைப் படித்தால், அது மற்ற உணவோடு சேர்த்துக் கொடுக்கும் துணை உணவு என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தது. அதை மட்டுமே கொடுத்து வளர்க்க முடியாது. முன்பக்கப் படத்தை விட்டுவிடுங்கள். வளர்ந்த நாய்க்கு முழுமையான, சமச்சீரான உணவு என்று எழுதியிருக்கிறதா, புரதம் ஈரம் நீங்கலாக 18 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா, டாரினும் மெத்தியோனினும் சேர்த்திருக்கிறார்களா என்று பின்பக்கத்தில் தேடுங்கள். அப்படிப்பட்ட உணவுதான் இப்போது பைரவனுக்கு அடிப்படை. அதோடு தினம் இரண்டு அவித்த முட்டை. முட்டையில் மெத்தியோனின் நன்றாக இருக்கிறது, அவனுடைய உணவில் எனக்கு மிகுந்த தைரியம் கொடுப்பது அதுதான். கொல்லை அறையில் தனியாக ஒரு மின் அடுப்பு வைத்து அவிக்கிறேன். வீட்டிலிருந்து சேர்ப்பது எல்லாம், முட்டையையும் சேர்த்து, மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மூட்டையில் இருக்கும் சமநிலை கெட்டுவிடும். முழுக்க வீட்டிலேயே சமைத்துப் போட விரும்புபவர்கள், நாய் உணவியல் தெரிந்த மருத்துவரிடம் எடைக்கேற்ற அளவும் சத்துப்பொடியும் எழுதி வாங்காமல் ஆரம்பிக்கவே கூடாது.

வீட்டுச் சமையலில் விஷமாகும் பொருள்களும் இருக்கின்றன. சாம்பாரில் வெங்காயம், ரசத்தில் பூண்டு, இரண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் போடும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும், சில நாய்களுக்கு மிகக் கொஞ்சம் போதும். அந்த முதல் பொங்கலன்று அவன் நக்கிய இலையில் திராட்சை இருந்ததா இல்லையா என்று நான் எத்தனையோ இரவு யோசித்திருக்கிறேன். தெருநாய்கள் சோறு தின்றுதானே வாழ்கின்றன என்று கேட்பவர்கள் உண்டு. அவை எலியும் மீன் கழிவும் கோழிக்கடைக் குப்பையும் தின்கின்றன, நாம் பார்ப்பதில்லை. உடம்பும் சிறியது. அவற்றில் எத்தனை குட்டிகள் வளராமலே செத்துப்போகின்றன என்பதையும் நாம் எண்ணுவதில்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரத்தமும் சிறுநீரும் பார்க்கிறோம். சைவ உணவில் சிறுநீர் காரத்தன்மை அடையும், கல் சேர வாய்ப்பு உண்டு. வருடத்துக்கு ஒரு முறை இதய ஸ்கேன். இவற்றுக்கு வருடம் 6,000 முதல் 7,000 வரை ஆகிறது. இந்தச் செலவையும் சேர்த்துத்தான் சைவம் என்ற முடிவை எடுக்க வேண்டும். மூச்சு வாங்குதல், இருமல், நடையில் சோர்வு, மயக்கம், வயிறு வீங்குதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள். கண்ணையும் வாயையும் சுற்றித் தோல் தடித்துப் பொருக்குத் தட்டினால் துத்தநாகக் குறைவாக இருக்கலாம். தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைடேட் என்ற பொருள் அதை உடம்பில் சேரவிடாது. பைரவனுக்கு மூன்றாம் வயதில் மூக்கு ஓரத்தில் அப்படி வந்தது, சீக்கிரம் பார்த்ததால் மருந்திலேயே போனது. ஒருநாள் அவன் உடம்பு மறுபடி ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவர் சொன்னால், கோழி கலந்த மூட்டை அன்று மாலையே கொல்லை அறைக்கு வந்துவிடும். அதை அத்தையிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது 34 கிலோ இருக்கிறான். பால்காரர் மணியடித்தால் இன்றும் முதலில் ஓடுபவன் அவன்தான். திண்ணையில் மட்டும் ஏறவிடுவதில்லை, முன்னால் ஒரு மரத்தடுப்பு போட்டிருக்கிறேன். தேய்பிறை அஷ்டமியன்று அத்தை கோயிலிலிருந்து வந்ததும், தயிர்சாதத்தில் ஒரே ஒரு கைப்பிடி அவனுக்கு. வைக்கும் முன் கையை என் பக்கம் நீட்டி, "இவ்வளவு போதுமா?" என்று காட்டிவிட்டுத்தான் வைக்கிறார்.